மூன்று ஒன்பதுக்கு என்ன விலை?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39-க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. தவறு தெரிந்து 10.57-க்குத் திரும்ப எடுத்துக்கொண்டது. நடுவில் ஓடியது 78 நிமிடம். அதற்குள் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. இந்திய விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக்கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதை ஞாபகார்த்தமாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. ஐந்து நாளில் சுமார் 7,000 விமானங்கள் ரத்து. நஷ்டம் 50 கோடி டாலர் என்று டெல்டா கணக்கு சொன்னது. கிரவுட்ஸ்ட்ரைக்கின் வக்கீல் அனுப்பிய பதில் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: ஒப்பந்தப்படி எங்கள் பொறுப்பின் உச்சவரம்பு ஒற்றை இலக்க மில்லியன் டாலர்தான். நம் கணக்கில் சொன்னால், எப்படிப் பார்த்தாலும் ஒரு கோடி டாலருக்கும் குறைவு.

கேட்டது 50 கோடி, கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருப்பது ஒரு கோடிக்கும் கீழே. நடுவில் இருக்கும் அந்தப் பள்ளம் ஜூலை 19 அன்று விழுந்ததல்ல. ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே அங்கேதான் இருந்தது. அப்போது யாரும் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். இது டெல்டாவை மட்டும் மனதில் வைத்துச் சொல்வதல்ல. திருப்பூரில் கிளவுட் பில்லிங் வாங்கும் பனியன் கம்பெனி, ரிப்போர்ட்டை ஆன்லைனில் அனுப்பும் மதுரை லேப், ஃபீஸ் வசூலுக்கு ஆப் வைத்திருக்கும் பள்ளிக்கூடம் எல்லாரும் ஏதோ ஓர் 'எஸ்.எல்.ஏ.'வில் டிக் அடித்திருக்கிறார்கள். சர்வீஸ் லெவல் அக்ரிமென்ட் என்கிற அந்தச் சேவைத்தர ஒப்பந்தத்தில் முதல் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்ப்போம், கடைசிப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்க்க மாட்டோம்.

முதல் பக்கத்து எண், 99.9 போல ஒரு சதவிகிதம். கேட்கும்போது கிட்டத்தட்ட நூறுதானே என்று இருக்கும். நிமிடமாக மாற்றினால்தான் புரியும். 99 சதவிகிதம் என்றால், 30 நாள் மாதத்தில் 7 மணி 12 நிமிடம் சேவை படுத்துக் கிடந்தாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம். 99.9-க்கு 43 நிமிடம். 99.99-க்கு நாலு நிமிடம் சொச்சம். 'ஃபைவ் நைன்ஸ்' என்று ஐ.டி. ஆட்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லும் 99.999-க்கு மாதம் 26 விநாடி, வருடம் ஐந்தேகால் நிமிடம். ஒவ்வொரு ஒன்பது கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. செலவோ ஏறுகிறது. இரண்டாவது சர்வர், இரண்டாவது ஊரில் டேட்டா சென்டர், இரவு ஷிஃப்டுக்கு விழித்திருக்கும் ஆட்கள் என்று எல்லாமே காசு.

இந்த ஒன்பது மோகம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் காலத்திலிருந்து வருவது. 1965-ல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் நியூஜெர்சியில் நிறுவிய 1ஈ.எஸ்.எஸ். என்ற எலெக்ட்ரானிக் ஸ்விட்சுக்கு வைத்த இலக்கு, 40 வருடத்தில் மொத்தமாக 2 மணி நேரம் மட்டும் நிற்கலாம் என்பது. வருடத்துக்கு மூன்று நிமிடம். டெலிபோனை எடுத்தால் டயல் டோன் வந்தே தீரவேண்டும் என்று நினைத்தவர்கள் போட்ட கணக்கு அது. ஆனால் 1990 ஜனவரி 15-ல், பெல்லின் தாய் நிறுவனமாக இருந்த ஏ.டி. அண்ட் டி.யின் அடுத்த தலைமுறை ஸ்விட்சுகள், மென்பொருளில் தவறான இடத்தில் விழுந்த ஒரு கட்டளையால், ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விழுந்தன. தொலைதூர அழைப்புகள் ஒன்பது மணி நேரம் தடுமாறின. இலக்கு என்பது வேறு, நடப்பது வேறு. ஒப்பந்தத்தில் எழுதப்படுவது இந்த இரண்டும் அல்லாத மூன்றாவது எண்.

உதாரணம் அமேசானிடமே இருக்கிறது. அதன் எஸ்3 சேமிப்புச் சேவை 99.99 சதவிகிதம் கிடைக்கும்படி 'வடிவமைக்கப்பட்டது'. ஒப்பந்தத்தில் உறுதி சொல்வது 99.9. வைத்த கோப்பு தொலையாமல் இருக்கும் உத்தரவாதமாக விளம்பரத்தில் வருவது பதினொரு ஒன்பது. ஒரு கோடி கோப்புகளை வைத்தால் சராசரியாகப் பத்தாயிரம் வருடத்துக்கு ஒன்று தொலையலாம் என்று அதை விளக்குகிறார்கள். அந்தப் பதினொரு ஒன்பது எஸ்.எல்.ஏ.வில் கிடையாது. அது பொய் என்று சொல்ல வரவில்லை, பொறியியல் ரீதியாக மதிக்கத்தக்க வேலைதான். ஆனால் தவறினால் காசு தருவேன் என்று அதற்குக் கையெழுத்துப் போடவில்லை. விற்பனைப் பிரதிநிதி எந்த எண்ணைச் சொல்கிறார், வக்கீல் எந்த எண்ணை எழுதுகிறார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கம்பெனியின் மனசு தெரிந்துவிடும்.

இன்னொன்று, சேவைகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் பில்லிங் ஆப் ஓட ஒரு சர்வர், ஒரு டேட்டாபேஸ், ஓ.டி.பி. அனுப்பும் எஸ்.எம்.எஸ். சேவை, பேமென்ட் கேட்வே, கடையில் இருக்கும் இணைய இணைப்பு என்று ஐந்து வேண்டும். ஐந்துமே 99.9 என்று வைத்துக்கொண்டாலும் ஐந்தையும் பெருக்கினால் 99.5 வருகிறது. ஒவ்வொருவரும் வாக்கைக் காப்பாற்றியிருப்பார்கள், உங்களுக்கு மட்டும் மாதம் மூன்றரை மணி நேரம் போயிருக்கும். யார் மேல் புகார் எழுதுவது?

கடிகாரம் யார் கையில்?

சேவை 'நின்றது' என்பதை யார் சொல்வது? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

2017 பிப்ரவரி 28. அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் எஸ்3-யின் பில்லிங் பகுதி மந்தமாக ஓடுகிறது என்று ஓர் ஊழியர் சரிசெய்துகொண்டிருந்தார். அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 9.37-க்கு, சில சர்வர்களை மட்டும் கழற்றிவிட வேண்டிய கட்டளையில் ஓர் உள்ளீட்டைத் தவறாகத் தட்டிவிட்டார். நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றுகொண்டன. அதில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அறிந்த பகுதியும் இருந்தது. அதை முழுசாக நிறுத்தி எழுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் பெரிய மையத்தில் பல வருடமாக யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை, எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் கைக்கணக்கு இல்லை. எல்லாம் சரியானபோது மதியம் 1.54.

அன்று நடந்த வேடிக்கை வேறு. சேவைகள் நலமா என்று காட்டும் அமேசானின் டேஷ்போர்டு, இரண்டு மணி நேரம் வரை நிலவரத்தை மாற்றிக் காட்டவே முடியாமல் தவித்தது. அந்தப் பலகையை இயக்கும் நிரலே எஸ்3-யை நம்பித்தான் இருந்தது. தகவலை ட்விட்டரில் போட்டார்கள். இதையெல்லாம் பிறகு அமேசானே விளக்கமாக எழுதி வெளியிட்டது என்பதைப் பாராட்டாகவே சொல்லவேண்டும். நம் ஊரில் 'டெக்னிக்கல் இஷ்யூ' என்ற இரண்டு வார்த்தையோடு முடித்துவிடுகிறார்கள்.

இனி அந்த நாளை ஒப்பந்தக் கண்ணால் பாருங்கள். 9.37-லிருந்து 1.54 வரை 257 நிமிடம். அத்தனை நேரமும் உங்கள் ஒவ்வொரு கோரிக்கையும் தோற்றது என்றே வைத்துக்கொண்டாலும், 28 நாள் பிப்ரவரிக்கு அது 0.64 சதவிகிதம்தான். மாதத்துக்கு 99.36 கிடைத்துவிட்டது. 99.9-க்குக் கீழே, 99-க்கு மேலே. எனவே அந்த மாத எஸ்3 கட்டணத்தில் 10 சதவிகிதம் கழிவு. உலகின் பாதி இணையதளங்கள் முடங்கியதாகச் செய்தி ஓடிய நாளின் விலை அது.

அந்தக் கழிவுக்கும் வழிமுறை உண்டு. அமேசான் ஐந்து ஐந்து நிமிடமாக மாதத்தை வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எத்தனை கோரிக்கை தோற்றது என்று கணக்கிடுகிறது. ஒரு துண்டில் நீங்கள் எதுவுமே கேட்கவில்லை என்றால் அந்தத் துண்டில் பிழை பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். சேவை நின்றுவிட்டதே என்று அலுவலகத்தைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், அந்த நேரம் முழுக்கச் சேவை நன்றாக இருந்ததாகக் கணக்கு. தோற்ற கோரிக்கைகளின் பதிவை நீங்கள்தான் இணைத்து அனுப்பவேண்டும். அடுத்த இரண்டாவது பில்லிங் சுழற்சி முடிவதற்குள் கேட்கவேண்டும். கேட்காதவருக்கு ஒன்றும் இல்லை.

உள்ளூர் ஒப்பந்தங்களில் வேறு வேடிக்கைகள். 'முன்னறிவிப்போடு செய்யும் பராமரிப்பு நேரம் கணக்கில் சேராது' என்று இருக்கும். முன்னறிவிப்பு எத்தனை மணி நேரத்துக்கு முன்னால், மாதத்துக்கு எத்தனை முறை என்று இருக்காது. சராசரியை மாதத்துக்குப் பார்ப்பதா வருடத்துக்கா என்பது மங்கலாக இருக்கும். வருடக் கணக்கு என்றால் 99.9-க்கு 8 மணி 45 நிமிடம் கிடைக்கிறது. ஒரு முழு வேலை நாள் படுத்தாலும் வாக்கு தவறவில்லை. அந்த நாள் எது என்பதும் கணக்கில் வராது. ஞாயிறு பின்னிரவு 43 நிமிடமும், ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யவேண்டிய 20-ம் தேதி மாலை 43 நிமிடமும் ஒப்பந்தத்துக்கு ஒன்றுதான். இ-வே பில் எடுக்க முடியாமல் லோடு ஏற்றிய லாரி கோடவுன் வாசலில் நிற்பது சதவிகிதத்தில் தெரியாது.

இந்தத் துறையில் 'தர்பூசணி' என்று ஒரு கேலிச்சொல் உண்டு. மாதாந்தர ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டமும் பச்சை, வாடிக்கையாளர் வாயைத் திறந்தால் உள்ளே ஒரே சிவப்பு. டிக்கெட் போட்டாயிற்றா என்று கேட்பார்கள். போட்டிருப்போம். 'உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்' என்று ஒரு குறிப்பைப் போட்டுக் கடிகாரத்தை நிறுத்தி வைப்பார்கள். நாம் பதில் எழுதினால் ஓடும், மறுபடி ஒரு ஸ்க்ரீன்ஷாட் கேட்டு நிற்கும். கடைசியில் இரண்டு மணி நேரத்தில் தீர்வு என்று பச்சையில் பதிவாகியிருக்கும். நமக்கு இரண்டு நாள் போயிருக்கும்.

மில் நின்ற கதை

கழிவு என்பது இழப்பீடு அல்ல, அடுத்த பில்லில் ஒரு தள்ளுபடி. மாதம் ₹40,000 கட்டும் கம்பெனிக்கு ஐந்து மணி நேரம் சேவை நின்றால், அமேசானின் அந்தப் பத்து சதவிகித அட்டவணைப்படி ₹4,000 கிடைக்கும். அந்த ஐந்து மணி நேரத்தில் நடக்காமல்போன வியாபாரம் நாலு லட்சமா நாற்பது லட்சமா என்று ஒப்பந்தம் கேட்காது. 'இந்தக் கழிவு ஒன்றே முழுமையான, இறுதியான பரிகாரம்' என்ற வரியும், 'லாப இழப்பு உள்ளிட்ட மறைமுக நஷ்டங்களுக்குப் பொறுப்பில்லை' என்ற வரியும் தப்பாமல் இருக்கும்.

இந்த இரண்டாவது வரியின் பின்னால் ஒரு மாவு மில் இருக்கிறது. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 1853-ல் அந்த மில்லின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. புதியது செய்ய மாதிரிக்காக அதை கிரீனிச்சுக்கு அனுப்பவேண்டும். பிக்ஃபோர்டு என்ற சரக்கு நிறுவனம் ஏற்றுக்கொண்டு, சில நாள் தாமதம் செய்தது. அத்தனை நாளும் மில் நின்றது. மில்காரர்கள் போன லாபத்தைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 1854-ல் வந்த தீர்ப்பு, ஹாட்லி எதிர் பாக்ஸென்டேல், இன்றும் சட்டக்கல்லூரியில் முதல் வருடமே படிப்பது. அந்தத் தாமதத்தால் இயல்பாக வரும் நஷ்டம், அல்லது ஒப்பந்தம் போடும்போது இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டம் இவற்றுக்குத்தான் பொறுப்பு என்றது நீதிமன்றம். மாற்று ஷாஃப்ட் இல்லை, மில் நின்றுகிடக்கிறது என்பது சரக்கு நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்?

நம் 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு இதே பாதையில் போகிறது. அதில் வரும் விளக்க உதாரணங்களில் ஒன்று நேராக ஒரு மில்லையே எடுத்துக்கொள்கிறது. இந்த இயந்திரம் இல்லாமல் மில் நிற்கிறது என்று சரக்குக்காரரிடம் சொல்லியே அனுப்புகிறார் உரிமையாளர். அவர் தாமதம் செய்கிறார். நின்ற நாட்களுக்கான சராசரி லாபம் உரிமையாளருக்குக் கிடைக்கும், ஆனால் அதனால் கைநழுவிய அரசு கான்ட்ராக்டின் நஷ்டம் கிடைக்காது என்கிறது சட்டம். மில் நிற்பதைச் சொன்னார், கான்ட்ராக்டைச் சொல்லவில்லை. சொன்னதற்கு ஏற்ப பொறுப்பு நீள்கிறது என்பதுதான் இதன் சாரம். ஆகவே ஒப்பந்தம் போடும்போதே 'மாதம் 11, 20 தேதிகளில் இந்தச் சேவை நின்றால் எங்களுக்கு வரி தாக்கல் தவறும், அபராதம் வரும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது வெறும் காகித வேலை இல்லை. விற்பவரின் வக்கீல் அந்த வரியை அடிக்கப் பார்ப்பார். அவர் அடிக்கப் பார்க்கும் ஆர்வத்திலேயே அதன் மதிப்பு தெரிந்துவிடும்.

அபராதத் தொகையை முன்கூட்டியே எழுதிக்கொண்டால் போதுமே என்று தோன்றலாம். 74-வது பிரிவு அதற்கும் கடிவாளம் போடுகிறது. எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான். மணிக்கு ஒரு கோடி என்று கோபத்தில் எழுதிவைத்தால் முழுசாகக் கிடைத்துவிடாது.

டெல்டாவுக்கு வருவோம். உச்சவரம்பு என்ற சுவர் இருக்கும்போது, அதைத் தாண்ட இருக்கும் வழிகளில் ஒன்று 'படுமோசமான அலட்சியம்' என்று நிரூபிப்பது. அப்டேட்டை முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே என்பது டெல்டாவின் வாதம். கோளாறு என்னவோ அற்பமானது. 20 உள்ளீடுகளை எதிர்பார்த்த நிரலுக்கு 21 வந்து சேர்ந்தது. 2024 அக்டோபரில் ஜார்ஜியா மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2025 மே மாதம், அலட்சிய வாதத்தை விசாரிக்கலாம் என்று நீதிபதி அனுமதித்தார். தள்ளிவிடும்படி கிரவுட்ஸ்ட்ரைக் கேட்டது பலிக்கவில்லை. அந்த 78 நிமிடத்தில் கிரவுட்ஸ்ட்ரைக்கின் சொந்த சர்வர்கள் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நின்றது வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர்கள். எத்தனை ஒன்பது போட்ட அப்டைம் வாக்குறுதியும் இதுபோன்ற விபத்தைத் தொடவே தொடாது.

இயற்கைச் சீற்றம் என்ற விதிவிலக்கைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். வெள்ளம், புயல், பூகம்பம், போர் வந்தால் பொறுப்பில்லை என்று எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். பூகம்பம் சரி. சென்னையில் சர்வர் வைத்திருப்பவருக்கு டிசம்பர் புயல் எப்படி எதிர்பாராத ஒன்றாகும்? 2015 டிசம்பரில் வெள்ளம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். வங்காள விரிகுடா தவணை தவறுவதில்லை. ஜெனரேட்டரைத் தரைத்தளத்தில் வைத்துவிட்டு இயற்கையைக் கைகாட்டுவதை ஏற்கவேண்டியதில்லை. 'மாற்று ஊரில் சேவையை எழுப்பும் திட்டம் வைத்திருந்து, அதையும் மீறி முடியாமல் போனால் மட்டும்' என்று அந்த விதிவிலக்கைச் சுருக்கச் சொல்லலாம். கேட்டால் பல நிறுவனங்கள் சம்மதிக்கின்றன. கேட்பவர்கள்தான் குறைவு.

ஆள் வந்தார், வேலை முடியவில்லை

ஏ.எம்.சி. என்று நாம் சொல்லும் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் இதே கதை எளிய உருவில் வருகிறது. 'நான்கு மணி நேரத்தில் கவனிக்கப்படும்' என்று யு.பி.எஸ். கம்பெனியோ லிஃப்ட் கம்பெனியோ எழுதியிருக்கும். நான்கு மணி நேரத்தில் ஆள் வருவார், கழற்றிப் பார்ப்பார், 'போர்டு போயிருக்கு சார், ஆர்டர் போடணும்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவார். வாக்கு நிறைவேறிவிட்டது. வந்து பார்ப்பதற்கு ஒரு நேரம், சரிசெய்து தருவதற்கு ஒரு நேரம் என்று இரண்டும் தனித்தனியே இருந்தால்தான் அது ஒப்பந்தம்.

மருத்துவ உபகரணங்கள் வாங்கும் இந்திய டெண்டர்களில் இதைவிடத் தெளிவான ஒரு வழக்கம் இருக்கிறது. 95 சதவிகித அப்டைம் தரவேண்டும், தவறினால் நின்ற நாட்களைப்போல இரண்டு மடங்கு வாரண்டியை நீட்டவேண்டும் என்று பரவலாக எழுதுகிறார்கள். 95 என்பது வருடத்துக்கு 18 நாள். ஸ்கேன் மெஷின் 18 நாள் நிற்கலாம் என்பது நோயாளிக்குக் கொடுமைதான். இருந்தாலும் கழிவுக்குப் பதிலாக வாரண்டி நீளுவது விற்றவருக்கு உறுத்தும்.

இயந்திரம் விற்பவர்கள் காட்டும் இன்னோர் எண், எம்.டி.பி.எஃப். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையில் சராசரியாக எவ்வளவு நேரம் என்பது. ஹார்டு டிஸ்க் பெட்டியில் பத்து லட்சம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். வகுத்துப் பார்த்தால் 114 வருடம். கொள்ளுப்பேரன் காலம் வரை உழைக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதே டிஸ்க் ஆயிரம் வைத்திருந்தால் வருடத்துக்கு ஏறத்தாழ ஒன்பது போகும் என்றுதான் அர்த்தம். உங்களிடம் இருக்கும் ஒரே டிஸ்க் அந்த ஒன்பதில் ஒன்றா என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

அதனால்தான் பேக்கப் பற்றிய பிரிவை, அப்டைம் பிரிவைவிட மேலே வைத்துப் படிக்கவேண்டும் என்பேன். எவ்வளவு நேரத்தில் மீண்டு வரும், மீண்டு வரும்போது எத்தனை மணி நேரத் தகவல் காணாமல் போயிருக்கலாம் என்ற இரண்டு கேள்விக்கும் எண்ணால் பதில் வேண்டும். ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் கணக்கே, 2024 மே மாதம், கூகுள் கிளவுடின் உள்கருவியில் நிரப்பாமல் விட்ட ஒரு கட்டத்தால் அழிந்துபோனது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சேமிப்பு. வேறொரு நிறுவனத்திடம் அவர்கள் ஒரு பிரதி வைத்திருந்ததால் எழுந்து வந்தார்கள். தென்கொரிய அரசுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2025 செப்டம்பர் 26-ல் டேஜான் நகர அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. 709 அரசு சேவைகள் நின்றன. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட், பிரதி எதுவும் இல்லாமல் சாம்பலானது. அதே நாட்டில் மூன்று வருடம் முன்பு, 2022 அக்டோபரில், இன்னொரு டேட்டா சென்டர் தீயால் காகாவோடாக் என்ற மெசேஜ் செயலி முடங்கி முழுதாகச் சரியாக 127 மணி நேரத்துக்கு மேல் ஆனபோது, பயனாளர்களுக்குக் கொடுத்த ஆறுதல் பரிசு மூன்று இமோட்டிகான் தொகுப்புகள். இலவசச் சேவையின் எஸ்.எல்.ஏ. அப்படித்தான் இருக்கும்!

நூறு சதவிகிதம் வேண்டும் என்று அடம்பிடிப்பதும் சரியில்லை. கூகுள் பொறியாளர்கள் 2016-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு நல்ல சம்பவம் வருகிறது. சப்பி என்ற உள்சேவை எப்போதாவதுதான் நிற்கும். அதனால் மற்ற குழுக்கள் எல்லாம் அது நிற்கவே நிற்காது என்று நம்பித் தங்கள் நிரல்களை எழுதிவிட்டன. எப்போதாவது நின்றபோது கூடவே பத்து சேவைகள் விழுந்தன. தீர்வாக அவர்கள் செய்தது, ஒரு காலாண்டில் இலக்கைவிட அதிகமாக உழைத்துவிட்டால் வேண்டுமென்றே சப்பியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுவது. யார் யார் குருட்டுத்தனமாகச் சாய்ந்திருக்கிறார்கள் என்று அப்போது தெரிந்துவிடும். நம் அலுவலகங்களில் ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் இதன் அருமை புரியும்.

கேட்காமலே கிடைக்கும் நூறு ரூபாய்

பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட சிறு வியாபாரி மாற்ற முடியாது. அங்கே அரசோ ஒழுங்குமுறை அமைப்போ வந்தால்தான் உண்டு. வங்கித்துறையில் அது நடக்கிறது. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் புதிய கம்ப்யூட்டர் அமைப்புக்கு மாறியபோது, வாடிக்கையாளர்கள் வாரக்கணக்கில் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியவில்லை. அமைப்பைத் தயாரித்தது தாய் நிறுவனத்தின் ஐ.டி. பிரிவு. அவர்கள் தயார் என்று சொன்னார்கள், நாங்கள் நம்பினோம் என்பது எடுபடவில்லை. 2022-ல் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். அடுத்த வருடம், அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரி தன் சொந்தப் பையிலிருந்து 81,620 பவுண்டு கட்டவேண்டி வந்தது.

இங்கே ரிசர்வ் வங்கி, 2020 டிசம்பரில் ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் புதிய டிஜிட்டல் திட்டங்களையும் புதிய கிரெடிட் கார்டு வழங்குவதையும் நிறுத்தச் சொன்னது. இரண்டு வருடமாகத் தொடர்ந்த கோளாறுகளும், நவம்பர் 21-ல் பிரதான டேட்டா சென்டரில் மின்சாரம் போய்ச் சேவை நின்றதும் காரணம். கார்டுக்கான தடை நீங்க எட்டு மாதம் ஆனது. கழிவு, தள்ளுபடி எல்லாம் இதன் முன்னால் தூசு. 2023 ஏப்ரலில் வெளியிட்டு அக்டோபரில் அமலுக்கு வந்த ஐ.டி. அவுட்சோர்ஸிங் விதிகளில், வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதே, சேவை தருபவரின் இடத்துக்குள் போய்த் தணிக்கை செய்யும் உரிமை வேண்டும், விலகும்போது எப்படி விலகுவது என்பதற்கும் திட்டம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வங்கி நடத்தாதவர்களும் இதை எடுத்துவைத்துத் தங்கள் ஒப்பந்தத்துக்கு முன்மாதிரியாகப் பயன்படுத்தலாம்.

எனக்குப் பிடித்தது 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ஒரு சுற்றறிக்கை. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் ஐந்து நாளுக்குள், யு.பி.ஐ.யில் அனுப்பிய பணம் எதிராளிக்குப் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்பிவிடவேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு ₹100. வாடிக்கையாளர் புகார் செய்யும்வரை காத்திருக்காமல் வங்கியே அதைக் கணக்கில் போடவேண்டும். இதிலும் ஓட்டை உண்டு. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 தேதிகளில் யு.பி.ஐ. தடுமாறியபோது, பணமே கழியாமல் 'முயற்சி தோல்வி' என்று வந்தவர்களுக்கு எதுவும் கிடையாது. காய்கறிக் கடையில் கையைப் பிசைந்து நின்றதற்கு விலை போடவில்லை. ஆனாலும் கேட்காமலே வரவேண்டும் என்ற அந்த ஒரு ஏற்பாடு, மற்ற எஸ்.எல்.ஏ.க்களில் நான் தேடிக் காணாத ஒன்று.

அமேசானிடம் இதைக் கேட்க முடியாது. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உங்களுக்கு சாஃப்ட்வேர் விற்க வந்து உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கலாம். சேவை நின்ற நேரத்துக்கான கழிவு, நாங்கள் கேட்காமலே அடுத்த பில்லில் கழிந்து வரவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சிலர் தலைமை அலுவலகத்தைக் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்கிறார்கள். பலர், "அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா கணக்கெடுக்க நம்ம சிஸ்டத்துல வசதி இல்லீங்க சார்" என்கிறார்கள். அப்படியானால் பிரசுரத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் அந்த 99.9-ஐ எதை வைத்துக் கணக்கெடுத்தீர்கள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.